மூளை, தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான அறுவை மருத்துவம்: கவனிக்க வேண்டிய மூன்று காலக்கெடுக்கள்

2023 மே மாதம் ஜெனீவாவில் கூடிய 76-ஆவது உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நுண்ணூட்டச் சத்துக் குறைபாட்டையும், அதன் விளைவாக ஏற்படும் ஸ்பைனா பைஃபிடா உள்ளிட்ட நரம்புக் குழாய்க் குறைபாடுகளையும் உணவைச் செறிவூட்டுவதன் மூலம் தடுக்கும் பணியை விரைவுபடுத்துமாறு உறுப்பு நாடுகளை அத்தீர்மானம் கேட்டுக்கொண்டது. 2024 அக்டோபரில், செறிவூட்டப்பட்ட அரிசியை இலவசமாக வழங்கும் திட்டத்தை 2028 டிசம்பர் வரை தொடர ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையில் அரிசிக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இக்குழந்தைகளின் எதிர்காலம் அறுவை அரங்கில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. தாய் கருவுறுவதற்கு முன்பும், குழந்தை பிறந்த முதல் மூன்று நாள்களிலும், அறுவை முடிந்து வீடு திரும்பிய பின் வரும் நீண்ட ஆண்டுகளிலும் அது தீர்மானிக்கப்படுகிறது. இம்மூன்று காலக்கெடுக்களில் எது நம் மாநிலத்தில் நன்றாகக் கவனிக்கப்படுகிறது, எது தவறவிடப்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறைபாடுகள் எவை?

கருவின் மூளையும் தண்டுவடமும் தொடக்கத்தில் ஒரு தட்டையான திசுவாக இருந்து, பின்னர் இருபுறமும் மடிந்து குழாய் வடிவம் பெறுகின்றன. இதுவே நரம்புக் குழாய். இக்குழாய் மூடிக்கொள்ளும்போது கீழ்ப்பகுதியில் திறப்பு எஞ்சினால் முதுகெலும்புப் பிளவு உண்டாகிறது. இதனையே மருத்துவர்கள் ஸ்பைனா பைஃபிடா என்கின்றனர். இதன் கடுமையான வகையில், தண்டுவடமும் நரம்புகளும் முதுகில் ஒரு பை போல வெளியே தள்ளிக் காணப்படும். மேற்பகுதியில் திறப்பு எஞ்சினால் மூளை முழுமையாக வளராமற்போகலாம். அல்லது மண்டையோட்டின் இடைவெளி வழியாக மூளைத்திசு வெளியே பிதுங்கலாம்.

மற்றொரு பெருங்குறைபாடு, மூளையின் அறைகளில் நீர் தேங்குதல். மருத்துவமனைச் சீட்டுகளில் ஹைட்ரோகெஃபலஸ் என்று எழுதப்படுவது இதுவே. மூளைக்குள் அன்றாடம் சுரக்கும் திரவம் வெளியேற வழியின்றித் தேங்கும்போது தலை பெரிதாகிறது, மூளை அழுத்தப்படுகிறது. முதுகெலும்புப் பிளவுடன் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு இது சேர்ந்தே வரும். குறைமாதக் குழந்தைகளின் மூளையில் ஏற்படும் இரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், காசநோயால் வரும் மூளையுறை அழற்சி, மூளைக்கட்டி ஆகியவற்றாலும் இது வரக்கூடும்.

இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஒரு மீளாய்வு, நம் நாட்டில் 1,000 பிறப்புகளில் ஏறத்தாழ 4 குழந்தைகளுக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. அரிய நோய் என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்ணிக்கை அன்று இது.

கருவுற்ற பெண் கிரகணத்தின்போது வெளியே வந்ததால் குழந்தை இவ்வாறு பிறந்தது என்று தாயைக் குற்றஞ்சாட்டும் வழக்கம் இன்றும் சில குடும்பங்களில் உள்ளது. கிரகணத்திற்கும் இக்குறைபாட்டிற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. மரபுக்கூறுகள், ஃபோலிக் அமிலப் பற்றாக்குறை, கட்டுப்படாத நீரிழிவு, உடற்பருமன், வால்ப்ரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் ஆகியவையே அறியப்பட்ட காரணிகள். பெரும்பாலான குழந்தைகளில் ஒரே காரணம் என்று எதனையும் சுட்ட இயலாது. தாய் செய்த பிழை என்று எதுவும் இல்லை.

முதல் காலக்கெடு: கருத்தரித்த 28 நாள்கள்

நரம்புக் குழாய் கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்து எண்ணினால் இது ஆறாவது வாரம். மாதவிடாய் தள்ளிப்போய், சில நாள் காத்திருந்து, பரிசோதித்து, கருவுற்றதை ஒரு பெண் உறுதிசெய்யும் நேரமும் ஏறத்தாழ அதுவே.

நமது மகப்பேறு நலத் திட்டங்கள் 12 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்வதை வலியுறுத்துகின்றன. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிய இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆயினும் நரம்புக் குழாயைப் பொறுத்தவரை, எட்டாவது வாரத்தில் கிராம சுகாதார செவிலியர் தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் தாமதமாகவே சென்று சேர்கிறது. குழாய் அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மூடியிருக்கும். அல்லது மூடாமல் நின்றிருக்கும்.

ஃபோலிக் அமிலம் இக்குறைபாட்டைத் தடுக்கும் என்பது 1991-இல் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 33 மையங்களில் நடைபெற்ற பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், முன்பு இக்குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டபோது, குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் அங்கு இக்குறைபாடுள்ள பிறப்புகள் குறைந்தன.

நம் நாட்டின் நிலை என்ன? செறிவூட்டப்பட்ட அரிசியில் ஒரு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை ஃபோலிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலை. ஒருவர் நாள்தோறும் 300 கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 முதல் 38 மைக்ரோகிராம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம்.

வளரிளம் பெண்களுக்கும் மகப்பேற்று வயதுப் பெண்களுக்கும் வழங்கப்படும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது. நாள் கணக்கில் பகுத்தால் இது சுமார் 71 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாராந்திர மாத்திரைக்குப் பரிந்துரைத்த அளவு 2,800 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 400 வீதம் ஏழு நாள்களுக்கான கூட்டுத்தொகை அது.

செறிவூட்டப்பட்ட அரிசியும் வாராந்திர மாத்திரையும் இரத்தசோகையைக் குறைக்கும் நோக்கில் வடிவமைக்கப்பட்டவை. அந்நோக்கத்திற்கு அவை தேவை. ஆனால் இவ்விரண்டையும் கூட்டினாலும் நரம்புக் குழாயைக் காக்கும் அளவில் நான்கில் ஒரு பங்கே கிடைக்கிறது. கீரை, பயறு வகைகளிலிருந்து கிடைக்கும் ஃபோலேட் ஓரளவு துணைசெய்யும். எனினும் நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்துவிடும்போது அதன் பெரும்பகுதி வீணாகிறது. ஆகவே, 'ரேஷன் அரிசியில் சத்து சேர்த்திருக்கிறார்கள், மாத்திரை தேவையில்லை' என்று எவரேனும் கூறினால், அது சரியன்று.

இரத்தசோகையற்ற இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதல், கருத்தரிக்கத் திட்டமிடும் காலத்திலிருந்து முதல் மூன்று மாதம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. ஆனால் கருவுறும் முன்பே மாத்திரை கேட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் புதுமணப் பெண்ணை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? திருமணப் பதிவு, புதுமணத் தம்பதியருக்கான குடும்பநல ஆலோசனை, முதல் குழந்தையின் தடுப்பூசி நாள் ஆகியவை அம்மாத்திரையைக் கையில் கொடுக்க ஏற்ற தருணங்கள். இதற்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவையில்லை.

முன்பு இக்குறைபாடுள்ள கருவையோ குழந்தையையோ பெற்ற பெண்ணும், வலிப்பு மருந்து உட்கொள்ளும் பெண்ணும் கருத்தரிக்கும் முன் மருத்துவரை அவசியம் அணுக வேண்டும். குறைபாடு ஒருமுறை வந்த குடும்பத்தில் பன்மடங்கு உயர்ந்த அளவு ஃபோலிக் அமிலம் பரிந்துரைக்கப்படும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது; அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது காலக்கெடு: பிறந்தபின் 72 மணி நேரம்

கர்ப்பத்தின் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் ஸ்கேனில் கடுமையான நரம்புக் குழாய்க் குறைபாடுகளில் பெரும்பாலானவை தெரிந்துவிடும். தெரிந்தபின் பெற்றோர் உரிய ஆலோசனை பெற வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் 24 வாரங்களுக்குப் பின்னரும் கருக்கலைப்புக்கு இடமளிக்கிறது. கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது முழு விவரமும் அறிந்தபின் அப்பெண் எடுக்க வேண்டிய முடிவு. அதில் உறவினரோ மருத்துவரோ நெருக்குதல் தரக் கூடாது.

கருவிலேயே அறுவை செய்யும் முறையும் உண்டு. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 26 வாரங்களுக்கு முன் கருப்பையைத் திறந்து முதுகுப் பிளவை மூடிய குழந்தைகளில் 40 விழுக்காட்டினருக்கே ஓராண்டுக்குள் நீர் வடிகுழாய் தேவைப்பட்டது. பிறந்தபின் அறுவை செய்யப்பட்டவர்களில் இது 82 விழுக்காடு. துணைக்கருவியின்றி நடந்த குழந்தைகளின் விகிதமும் இருமடங்காயிற்று. ஆனால் குறைமாதப் பேறும், தாயின் கருப்பைத் தழும்பு சார்ந்த ஆபத்தும் கூடின. சில உயர்நிலை மையங்களில் மட்டுமே சாத்தியமான இம்முறை எல்லோருக்கும் உரியதன்று.

நம்மிடம் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்தபின் செய்யும் அறுவையே வழி. முதுகில் திறந்த பை உள்ள குழந்தைக்கு 48 முதல் 72 மணி நேரத்திற்குள் அறுவை செய்து மூடுதல் நல்லது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மூளையுறைத் தொற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது. தொற்று ஏற்பட்டால் நடக்கும் திறன் மட்டுமின்றி அறிவுத்திறனும் பாதிக்கப்படலாம்.

ஸ்கேனிலேயே குறைபாடு தெரிந்தவர்கள், குழந்தைகள் நரம்பியல் அறுவை வசதியுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அதனருகிலோ பிரசவத்தைத் திட்டமிட வேண்டும். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை இந்த ஒரு சூழலில் தளர்த்திக்கொள்வது குழந்தைக்கு நன்மை தரும். எதிர்பாராமல் சிறு மருத்துவமனையில் பிறந்துவிட்டால், பையின் மீது உப்புக் கரைசலில் நனைத்த கிருமிநீக்கிய துணியை மூடி, குழந்தையைக் குப்புறவோ பக்கவாட்டிலோ கிடத்தி, உடல் வெப்பத்தைக் காத்து, உடனே அனுப்ப வேண்டும். பையைக் குத்தி நீர் எடுக்கவோ, மஞ்சள், சாம்பல் முதலியவற்றைப் பூசவோ கூடாது. இக்குழந்தைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் லேடெக்ஸ் கையுறைகளைத் தவிர்த்தல் நலம்.

இக்கட்டத்தில் நம் மாநிலத்தின் நிலை ஒப்பீட்டளவில் வலுவானது. இந்தியாவின் நரம்பியல் அறுவை மருத்துவமே இம்மண்ணில்தான் வேரூன்றியது. 1949-இல் வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா. இராமமூர்த்தியும் இத்துறையைத் தொடங்கினர். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஒன்றிய அரசின் திட்டத்துடன் இணைந்து, தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 108 அவசர ஊர்தி கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணமில்லை என்ற காரணத்தால் எந்தப் பெற்றோரும் குழந்தையை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காலக்கெடு: வீடு திரும்பிய பின்

மூளையில் தேங்கும் நீரை வெளியேற்ற இரு முறைகள் உள்ளன. முதலாவது, ஷன்ட் எனப்படும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் செலுத்தி, நீரை மூளையிலிருந்து வயிற்றுக்குள் வடியச் செய்தல். இரண்டாவது, உள்நோக்கிக் கருவி கொண்டு மூளையின் அறைக்குள்ளேயே புதிய வழி ஏற்படுத்துதல். உடலில் அயற்பொருள் எதுவும் வைக்கப்படாமையே இதன் சிறப்பு. உகாண்டாவில் சிறு குழந்தைகள் 100 பேரிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், இரு முறைகளுக்கும் ஓராண்டு முடிவில் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எது பொருந்தும் என்பதைக் குழந்தையின் வயது, நீர் தேங்கியதன் காரணம் ஆகியவற்றைக் கொண்டு அறுவை மருத்துவர் முடிவு செய்வார். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் விலை குறைந்த ஷன்ட் குழாய், பன்மடங்கு விலையுள்ள வெளிநாட்டுக் குழாய்க்கு ஓராண்டு அளவில் இணையாகச் செயல்பட்டதை 2005-இல் வெளியான உகாண்டா ஆய்வு காட்டியது. அரசு மருத்துவமனையில் வைக்கப்படுவது மலிவான குழாய் என்று பெற்றோர் கலங்கத் தேவையில்லை.

கவலைப்பட வேண்டியது குழாயின் விலையைப் பற்றியன்று. அது அடைபடுவதைப் பற்றியே. குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்ட் குழாய்களில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை முதலாண்டிலேயே அடைப்பு, தொற்று போன்றவற்றால் பழுதாகின்றன. பத்தாண்டுகள் கழித்தும் அடைபடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், என் புறநோயாளர் பிரிவுக்கு ஆறு வயதுச் சிறுவனை அவன் தாய் தூக்கிவந்தார். இரண்டு நாள்களாக வாந்தி. குடல் ஏற்றம் என்று ஊரில் ஒருவரிடம் குடல் தட்டியிருந்தனர். தணியாததால் ஒரு மருந்தகத்தில் வாந்தி மருந்து வாங்கிக் கொடுத்திருந்தனர். நீண்ட வரிசை நின்றிருந்த அன்று, நானும் வயிற்றுக் கோளாறு என்றே சீட்டில் எழுதினேன். எழுந்தபோது அந்தத் தாய், "தலையில டியூப் வச்சிருக்கு டாக்டர், அதுக்கு இந்த மருந்து ஒத்துக்குமா?" என்று கேட்டார். சிறுவனின் காதுக்குப் பின்புறம் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கடியில் குழாய் தட்டுப்பட்டது. அவன் தூங்கி வழிந்தது களைப்பினால் அன்று. அன்றிரவே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழாய் மாற்றப்பட்டது, பிழைத்தான். அந்தத் தாய் கேட்டிராவிட்டால், நான் எழுதிய சீட்டுடன் அவர் வீடு திரும்பியிருப்பார். முதல் அறுவையின் விடுப்புச் சீட்டு அவர் வீட்டுப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அன்று முதல், வாந்தியுடன் வரும் எந்தக் குழந்தைக்கும் தலையில் அறுவை நடந்ததா என்று கேட்ட பின்னரே சீட்டு எழுதுகிறேன். இக்கேள்வி எல்லாப் புறநோயாளர் பிரிவுகளிலும் வழக்கமாக வேண்டும். ஷன்ட் வைத்த நாள், வைத்த பக்கம், மருத்துவமனை ஆகியவற்றைக் குறித்த சிறு அட்டை ஒன்றை விடுப்பு நாளிலேயே பெற்றோரிடம் கொடுப்பது செலவற்ற, உயிர்காக்கும் ஏற்பாடு. அதுவரை, விடுப்புச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது பெற்றோர் செய்யக்கூடியது.

முதுகுப் பிளவுள்ள குழந்தைகளில் கவனிக்கப்படாமல் போகும் மற்றோர் உறுப்பு சிறுநீரகம். சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் சிறுநீர் முழுதும் வெளியேறாது. தேங்கிய நீர் பின்னோக்கி அழுத்திச் சிறுநீரகத்தைச் சேதப்படுத்தும். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் அறிமுகப்படுத்திய, தூய கைகளால் மெல்லிய கதீட்டரைச் செலுத்திச் சிறுநீரை நாளில் பலமுறை வெளியேற்றும் எளிய முறை, இக்குழந்தைகளின் வாழ்நாளை நீட்டித்துள்ளது. தாய் இதைச் சில நாள்களில் கற்றுக்கொள்ளலாம். குழந்தை வளர்ந்ததும் தானே செய்யப் பழகலாம். பள்ளியில் இதற்கு மறைவான, தூய கழிப்பறை வேண்டும். அது இல்லாததால் படிப்பு நிற்கும் குழந்தைக்குச் செய்த நல்ல அறுவையின் பயனில் பாதி வீணாகிறது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

• கைக்குழந்தையின் தலை விரைவாகப் பெரிதாதல். முதல் மூன்று மாதங்களில் தலைச்சுற்றளவு மாதத்திற்கு ஏறத்தாழ 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் 1 செ.மீ. வளர்வது இயல்பு.
• அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருத்தல். கருவிழி கீழ்நோக்கிச் சென்று மேலே வெள்ளைவிழி தெரிதல்.
• முதுகின் நடுக்கோட்டில் கட்டி, குழி, மயிர்க்கற்றை அல்லது செந்நிறத் தழும்பு.
• காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும், புதிதாக மாறுகண், நடையில் தள்ளாட்டம்.
• நடந்துகொண்டிருந்த குழந்தையின் கால் வலுவிழத்தல். சிறுநீர், மலக் கட்டுப்பாடு மாறுதல்.
• ஷன்ட் உள்ள குழந்தைக்கு வாந்தி, வழக்கத்துக்கு மீறிய தூக்கம், காய்ச்சல், வலிப்பு, குழாய் செல்லும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம்.

தேசிய சிறார் நலவாழ்வுத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வருகின்றன. 2013-இல் தொடங்கிய இத்திட்டத்தின் பட்டியலில் பிறவிக் குறைபாடுகளில் முதலாவதாக இடம்பெறுவது நரம்புக் குழாய்க் குறைபாடே. இக்குழுக்கள் கண்டறியும் குழந்தைகள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்திற்கு அனுப்பப்பட்டு, அறுவையும் இயன்முறைப் பயிற்சியும் கட்டணமின்றிப் பெறலாம்.

அடுத்து செய்ய வேண்டியவை

மூன்று காலக்கெடுக்களில் இரண்டாவதற்கு நாம் பெருமளவு ஆயத்தமாக இருக்கிறோம். காப்பீடு, ஊர்தி, அறுவை அரங்கு ஆகியவை அந்த 72 மணி நேரத்திற்காகவே இயங்குகின்றன. முதலாவதும் மூன்றாவதும் இன்னும் பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டுள்ளன. உலக சுகாதாரப் பேரவையின் தீர்மானம் முதலாவதை நோக்கியது. அதை நிறைவேற்ற, செறிவூட்டலில் ஃபோலிக் அமிலத்தின் அளவும் வாராந்திர மாத்திரையின் அளவும் நரம்புக் குழாயை மனத்திற்கொண்டு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். மூன்றாவதற்கு, ஷன்ட் அட்டையும், கதீட்டர் பயிற்சியும், பள்ளிக் கழிப்பறையும் அறுவை சிகிச்சையின் பகுதிகளாகவே எண்ணப்பட வேண்டும்.

குழந்தை பெறத் திட்டமிடும் தம்பதியர் இப்பக்கத்தைப் படித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று ஃபோலிக் அமில மாத்திரை கேளுங்கள். கருவுற்ற பின் வரலாம் என்று காத்திருக்க வேண்டாம்.